கோழி எட்டாத உயரம்

இலவம்பாடி

காம்பைப் பிடித்துத் தூக்கிய மறு நொடி விரலில் முள் ஏறிவிட்டது. தோட்டக்காரர் சிரிக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்வார்கள் போலிருக்கிறது. "காயைப் புடிங்கம்மா, காம்பைப் புடிக்காதீங்க" என்றார், அவ்வளவுதான்.

இலவம்பாடி முள் கத்தரிக்காயை வேலூர் உறவினர் வீட்டில் தின்றிருக்கிறேன். செடியில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. காம்பில் மட்டும்தான் முள் என்று நினைத்திருந்தேன். இலை நரம்பில், தண்டில், காயின் தொப்பியில் என்று எங்கு பார்த்தாலும் முள். காய் மட்டும் எண்ணெய் தடவிய மாதிரி, ரோஜா கலந்த ஊதாவில் மினுக்கிக்கொண்டு தொங்குகிறது. 2023-ல் இதற்கு வேலூர் முள் கத்தரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. குறியீடு வந்த பிறகு விலை ஏறியதா என்று கேட்டேன். "பேரு ஏறிச்சி" என்றார்.

நான் சென்னை கொளத்தூரில் மொட்டை மாடியில் காய்கறி வளர்க்கிறவள். முப்பது பைகள், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய்க் கரைசல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு நான்கு நாட்டுக்கோழிகளும் வாங்கினேன். ஒரு நாள் கூண்டுக் கதவைச் சரியாகச் சாத்தாமல் பால் வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பி வருவதற்குள் மூன்று தொட்டி அரைக்கீரை மண்ணோடு மண்ணாகியிருந்தது. நான்கில் ஒன்று சேவல் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அது விடிகாலை மூன்றரைக்குக் கூவத் தொடங்கிய வாரமே குடியிருப்புக்காரர்கள் கூட்டம் போட்டுவிட்டார்கள். கோழிகள் போயின, கீரை இருக்கிறது.

இதைச் சொல்லிப் புலம்பியபோது, ஜவ்வாது மலையில் பள்ளிக்கூட வேலை பார்க்கும் தோழி சொன்னாள்: "எங்க பக்கம் ரெண்டும் ஒரே வாசல்லதான் இருக்கு. எப்படின்னு என்னைக் கேக்காதே, எனக்குத் தெரியாது. மாசியில வா, வந்து பாரு."

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. பத்து முள் கத்தரி நாற்று வாங்கி, ஈரக் கோணியில் சுற்றிக்கொண்டேன்.

ஒடுகத்தூர்

ஒடுகத்தூருக்கு வெள்ளிக்கிழமைதான் போக வேண்டும். அன்றைக்குத்தான் ஆட்டுச் சந்தை. பொங்கல், தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கால் வைக்க இடமிருக்காது என்றார்கள். மாசியில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. விடியும்போதே ஆடுகளின் கத்தலும் டீக்கடைப் பாட்டும் கலந்து ஒரே இரைச்சல்.

ஊரையொட்டி ஓடும் உத்திர காவிரி ஜவ்வாது மலையில் பிறந்து பாலாற்றில் போய்ச் சேருகிறது. ஓடும் என்பது மழைக்காலத்துப் பேச்சு. நான் பார்த்தது மணல், அதில் காயும் துணிகள், குழி தோண்டித் தண்ணீர் காட்டப்படும் இரண்டு எருமைகள்.

ஆட்டுக்காரர்களைத் தாண்டிப் போனால் கோழிகள். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கோழியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். வாங்க வந்தவர் ஒருவர் நெஞ்சுப் பக்கத்து இறகை வாயால் ஊதி விலக்கித் தோலைப் பார்த்தார். பிறகு நெஞ்செலும்பை விரலால் தடவினார். எலும்பு கத்தி போலத் துருத்தினால் சதை இல்லை என்று அர்த்தமாம். காலைத் தூக்கி நகத்தைப் பார்த்தார், ஆசனவாயில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், விலையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். விற்கிற அம்மாவும் சளைக்கவில்லை. "இது முட்டைக்கோழி. கறிக்கின்னா அந்தாண்ட போ" என்றார்.

எங்கள் தெருக் கடையில் பழுப்பு முட்டையைப் பெட்டியில் அடுக்கி 'நாட்டு முட்டை' என்று எழுதி வைத்திருப்பார்கள். ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. பழுப்பு முட்டையிடும் பண்ணைக் கோழிகள் நிறையவே உண்டு. ஒடுகத்தூர்ச் சந்தையில் ஒரு கூடையில் இருந்த முட்டைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை: பால் நிறம், சந்தன நிறம், ஒன்றிரண்டில் சாணம். அளவிலும் கோலிக்குண்டுக்கு அண்ணன் முதல் எலுமிச்சைக்கு அக்கா வரை.

முத்துக்குமரன் மலை

மலைப்பாதை முத்துக்குமரன் மலை அடிவாரத்தில் ஏறத் தொடங்குகிறது. தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, கத்தரி நாற்றை மடியில் வைத்துக்கொண்டேன். சேவற்கொடிக்காரனைக் கும்பிட்டுவிட்டு ஏறினோம்.

மாசி மலை பச்சையாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. பாதிக் காடு மொட்டையாக நிற்கிறது. சருகு முழங்கால் அளவு. ஆனால் அந்தச் சாம்பல் நிறத்துக்கு நடுவே புங்க மரங்கள் மட்டும் புதுத் துளிர் விட்டு, வெயிலைக் குடித்துக்கொண்டு பளபளக்கின்றன. மாம்பூ வாசனை ஒரு வளைவில் வந்து அடுத்த வளைவில் காணாமல் போகிறது. ஓர் இடத்தில் குடும்பமே புளி உலுக்கிக்கொண்டிருந்தது. மேலே ஒரு பையன் கிளையை மிதித்து ஆட்ட, கீழே பழம் சடசடவென்று விழுந்தது. வேலூரில் இந்நேரம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. இங்கே காலை ஒன்பது மணிக்கும் தோளில் துண்டு தேவைப்பட்டது.

இந்தத் தார்ச்சாலைக்கு வயது அதிகமில்லை. அணைக்கட்டு ஒன்றியத்தின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மூன்றிலும் உள்ளடங்கிய ஊர்கள் நெடுங்காலம் கால்நடைப் பாதையை நம்பியே இருந்தன. நோயாளியைத் துணித் தூளியில் கட்டித் தூக்கி இறக்கியவர்கள் இன்னும் நடுத்தர வயதுக்காரர்கள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை பாதையில்லாத தூரத்தில் இறந்ததும், உடலைத் தாயே சுமந்து நடக்க நேர்ந்ததும் நாளிதழ்களில் வந்தது. அந்தக் குக்கிராமத்தின் பெயர் அத்திமரத்துக்கொல்லை. தோழி அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். இருவரும் கொஞ்ச தூரம் பேசவில்லை.

கொல்லை என்றால் எனக்கு வீட்டுக்குப் பின்புறம். என் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். வாழையும் கிணறும் இருக்கிற இடம் அவர்களுக்குக் கொல்லை. இந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் மழையை நம்பிய மேட்டு நிலம், சாமையும் கேழ்வரகும் கொள்ளும் விளைகிற இடம். ஜார்தான்கொல்லை, அத்திமரத்துக்கொல்லை என்று ஊர்ப் பெயர்களிலேயே நிலம் உட்கார்ந்திருக்கிறது. வீட்டையொட்டிய காய்கறி இடத்துக்கு இங்கே தனிப்பெயரே இல்லை. "ஊட்டாண்ட" என்றால் முடிந்தது.

பீஞ்சமந்தைக்கு அப்பால்

அப்படியொரு வீட்டாண்டைதான் போய்ச் சேர்ந்தோம். மலையாளி பழங்குடியினரின் சிற்றூர், இருபது வீடு இருக்கலாம். மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள். பேச்சு தமிழ்தான். தோழியிடம் படிக்கும் சிறுமியின் பாட்டி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஆயா என்றுதான் ஊரே கூப்பிடுகிறது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

முதல் பார்வையில் தோட்டம் எங்கே என்று தெரியவில்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகுதான் கண்ணுக்குப் பிடிபட்டது. எல்லாம் கோழி எட்டாத உயரத்தில் இருந்தது. சுரைக்கொடி கூரை மேல். அவரை வேலி உச்சியில். கொத்தமல்லி, நான்கு கல் நட்டு மேலே பலகை போட்ட பரணில், உடைந்த சட்டிகளுக்குள். மிளகாய்ச் செடிகூட அங்கேதான். மிளகாயையுமா தின்னும் என்றேன். "பழுத்தா ஒன்னு வுடாது" என்றார் ஆயா. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. நாம்தான் கண்ணைக் கசக்குகிறோம்.

தரையில் இருந்த ஒரே பாத்தி, முள் படல் அடைத்த ஐந்தடிக்கு ஐந்தடி. உள்ளே பீர்க்கு, பாகல், வெண்டை, கொத்தவரை எல்லாம் மூன்று நான்கு இலையில். மாசிப் பட்டத்துக்கு உரியவை.

கீரைத் தொட்டிக் கதையைச் சொன்னேன். ஆயா என் முட்டாள்தனத்தைக் கோழி மேல் போடவில்லை. "கோழி சீக்கத்தான் செய்யும். எங்க சீக்கணும்னு நீ இல்ல காட்டணும்" என்றார். காட்டுவது எப்படி என்பதை அன்று சாயங்காலம் பார்த்தேன். புடைத்த சாமையின் உமியையும் நொய்யையும் வாசலில் போடாமல், வீட்டுக்கு அந்தப் பக்கம் பலா மரத்தடியில் இருக்கும் எருக்குழியில் கொண்டுபோய் விசிறினார். எட்டுக் கோழியும் ஒரு சேவலும் பாய்ந்தன. அரைமணி நேரத்தில் குழியின் மேல்பரப்பு முழுக்கக் கிண்டிப் புரட்டப்பட்டிருந்தது. தினமும் இதே இடம், இதே நேரம். நான் மண்வெட்டியால் மக்கு உரம் கிளறி முதுகு பிடித்துப் படுத்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. பீர்க்கு விதை ஊன்றிய குழிகளில் இருந்தது போன வருஷம் கோழிகள் கிண்டிய எரு.

என்னை அசர வைத்தது இன்னொன்று. வீட்டுக்குள், அடுப்பிலிருந்து தள்ளி இருட்டு மூலையில் ஒரு பழைய கூடை. உள்ளே மணல், மணல் மேல் வைக்கோல், அதன் மேல் ஒரு செங்கறுப்புப் பெட்டைக்கோழி அடை உட்கார்ந்திருந்தது. கிட்டப் போனதும் உடம்பை உப்பவிட்டு இரண்டு மடங்காகி ஒரு உறுமல் உறுமியது. பதினோரு முட்டை. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். வைக்கோலுக்கு அடியில் ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெடாமல் இருக்க. மாசியில் ஏது இடி என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

எப்போது வைத்தது என்றேன். "தை அமாவாசை கழிஞ்சி மறுநா. வெதையும் அன்னிக்குதான் ஊனன."

ஒரே நாளில் விதையும் அடையும். மனதுக்குள் கணக்குப் போட்டேன். முட்டை பொரிக்க இருபத்தொரு நாள். அதுவரை கிண்டுவதில் கெட்டிக்காரியான தாய்க்கோழி கூடையை விட்டு நகராது, தினம் ஒரு தடவை தின்று, கழிந்து, ஓடிவந்து உட்காரும். குஞ்சு வந்தபிறகு இரண்டு மூன்று வாரம் பருந்துக்கும் கீரிக்கும் பயந்து குஞ்சுகளைக் கூடை கவிழ்த்து வைப்பார்கள், தாயின் காலில் துணிக்கயிறு கட்டுவார்கள். குடும்பத்தோடு அது வெளியே கிளம்பும் நாளில் பீர்க்கும் பாகலும் பந்தலுக்கு ஏறியிருக்கும், படலை எடுத்துவிடலாம். அப்புறம் குஞ்சுகள் கொடிக்கு அடியில் பூச்சி பொறுக்கலாம். என் வீட்டில் நான் இடத்தைப் பிரித்தேன், கம்பி வலை வாங்கினேன். ஆயா நாளைப் பிரித்து வைத்திருக்கிறார். ஆயாவிடம் இதைச் சொன்னபோது, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார்.

நாமக்கல் பண்ணையில் இருக்கும் கோழி வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல் இடும். இந்தக் கோழி அறுபது, எண்பது இட்டால் பெரிது. பண்ணைக் கோழியிடமிருந்து அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். உட்காரும் நாளெல்லாம் முட்டை நஷ்டம் அல்லவா. ஆயாவுக்கோ உட்காராத கோழி உதவாத கோழி.

கத்தரி நாற்றைக் கொடுத்தேன். ஆயா இலையைத் திருப்பிப் பார்த்தார், முள்ளைத் தடவினார், முகம் மலர்ந்தது. நான் எதிர்பார்த்தது போல வரிசையாக ஒரு பாத்தியில் நடவில்லை. படலுக்கு வெளியே, கோழி நுழையப் பார்க்கும் சந்துகளில் ஒவ்வொன்றாக ஊன்றினார். "வளந்தா மூஞ்சில குத்தும். காயும் ஆச்சி, வேலியும் ஆச்சி." புவிசார் குறியீட்டு விண்ணப்பத்தில் இந்தப் பயன் எழுதப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

"கோழி அடிக்கட்டுமா?" என்று ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றதும் முகத்தில் தெரிந்த நிம்மதியை மறைக்கவும் இல்லை. கேழ்வரகுக் களியும், மொச்சைக்கொட்டையும் கருவாடும் போட்ட குழம்பும் வந்தது. களியைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். எனக்குப் பாதி உருண்டைக்கே மூச்சு முட்டியது. சிறுமி இரண்டு உருண்டை முடித்துவிட்டு, நான் சாப்பிடும் அழகை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவில் கோழிகள் பலா மரத்தில் ஏறிவிட்டன. போன வருஷம் இந்த மரம் காலியாக இருந்ததாம். பதினான்கு கோழியில் பன்னிரண்டு ஒரே வாரத்தில் போயின. வெள்ளைக் கழிச்சல். கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, றெக்கை தொங்கி. "எங்க ஊடு மட்டும் இல்ல, ஊரே மொட்டையாச்சி." மிஞ்சிய இரண்டில் ஒன்றுதான் மூலையில் அடை உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம் பிப்ரவரியில் ஊசி போட்டிருக்கிறார்கள்.

விடியற்காலையில் ஒரு கூவல் எழுப்பியது. வீட்டுச் சேவலுடையது இல்லை. கரகரவென்று, உடைத்து உடைத்து, காட்டு ஓரத்திலிருந்து வந்தது. "காட்டுச் சாவல்" என்றாள் சிறுமி போர்வைக்குள்ளிருந்தே. வீட்டுச் சேவல் உடனே பதில் கொடுத்தது.

தென்னாட்டுக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழி அது. வீட்டுக்கோழிகள் எல்லாம் சிவப்புக் காட்டுக்கோழியின் வழி வந்தவை என்று டார்வின் எழுதினார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் 2008-ல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு திருத்தம் போட்டார்கள். வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்கிறது என்று காட்டினார்கள். என்றோ ஒருநாள் இப்படியொரு காட்டோரத்தில் எருக்குழிக்கு விருந்தாளி வந்திருக்க வேண்டும். மரத்திலிருந்து இறங்கிய ஆயாவின் கோழிகளைப் பார்த்தேன். எட்டில் ஐந்துக்கு மஞ்சள் கால்.

கிளம்பும் முன் ஆயா அடைக்கோழிக்கு அடியில் கை விட்டு, அது கொத்தக் கொத்த ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி சூடு. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஓட்டுக்கு உள்ளே மெல்லிய ஒரு சுரண்டல். அப்புறம் 'கீச்'. தொலைவில் யாரோ கதவைத் திறந்த மாதிரி. தாய்க்கோழி சட்டென்று கொத்துவதை நிறுத்தி, தொண்டைக்குள் 'க்ளக்' என்றது. கைக்குள்ளிருந்து மறுபடி 'கீச்'. என் கை நடுங்கியதைப் பார்த்து ஆயா முட்டையை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு இருபத்தொன்றாம் நாள். எனக்கு இருக்க முடியவில்லை, மறுநாள் வீட்டில் வேலை. வாசல் சுவரில் வட்ட வட்டமாகச் சாணம் அடித்துக் காய்ந்திருந்தது. எரிப்பதற்கு வரட்டி என்று நினைத்திருந்தேன். ஒன்றைப் பெயர்த்து உடைத்துக் காட்டினார். உள்ளே பூசணி விதைகள், பல்வரிசை போல. பூச்சி அண்டாது, எலி தொடாது, கோழிக்கும் எட்டாது. இன்னொன்றைப் பெயர்த்து என் பையில் போட்டார்.

ராணிப்பேட்டை

திரும்பும் வழியில் நெடுஞ்சாலைப் பலகையில் ராணிப்பேட்டை வந்தபோது தூக்கம் கலைந்தது. தோல் தொழிற்சாலைகளுக்குப் பெயர் போன ஊர், 2019 முதல் தனி மாவட்டம். இங்கேதான் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இருக்கிறது. கோழிக் கழிச்சலுக்கான தடுப்பூசி மருந்து இங்கே தயாராகிறது. அந்த நோய்க்கு நம் நாட்டில் ராணிகேத் நோய் என்று பெயர், குமாவுன் மலையிலுள்ள ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டதால். உலகம் அதை இங்கிலாந்து ஊர் ஒன்றின் பெயரால் நியூகேசில் நோய் என்கிறது. நோய்க்கு ஒரு ராணி ஊர், மருந்துக்கு இன்னொரு ராணி ஊர்.

தமிழ்நாட்டில் பிப்ரவரி முதல் இரண்டு வாரம் கழிச்சல் ஊசி முகாம் நடப்பது இந்த நோய்க்காகத்தான். வெயில் ஏறும் முன் போட்டுவிட வேண்டும். மருந்து குளிரிலேயே இருக்க வேண்டும், கரைத்த பிறகு சீக்கிரம் தீர்க்க வேண்டும். இந்த ஊரிலிருந்து ஆயா வீட்டுப் பலா மரம் வரை ஐஸ் உருகாமல் போய்ச் சேர ஒரு சாலை வேண்டும். தார்ச்சாலை வந்ததால் கோழிக்கும் லாபம் என்று தோழி சொன்னபோது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

கொளத்தூர்

மாடிக்கு வந்து முதலில் பைகளின் இடத்தை மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று கேட்டால் பதில் இல்லை, என் வீட்டில் எட்டாத உயரம் தேட ஒரு கோழியும் கிடையாது. சாண வட்டைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார், சொன்னேன், நம்பவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் சிறுமி தோழியின் போனிலிருந்து கூப்பிட்டாள். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு வந்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். இல்லை, வாசலிலிருந்துதான், இன்றைக்கு என்னவோ கிடைக்கிறதாம்.

"அக்கா, பதினொன்னுல ஒம்போது. ஒன்னு கூமுட்டை. ஒன்னு உள்ளாறயே செத்துப்போச்சி. ஒன்னு முழுக்கக் கறுப்பு."

"கால் என்ன நிறம்?"

"இருங்க பாக்கறன்."

போனைக் கீழே வைத்த சத்தம். குஞ்சுகளின் கீச்சுக் கூச்சல், கூடை நகரும் சத்தம். பின்னால் ஆயாவின் குரல் உச்சத்தில் எழுந்தது: "ஏய், படலத் தொறந்து வுட்டது யாரு? பாத்தியில பூந்துச்சி பாரு! ச்சூ! ச்சூ!" ஓடும் காலடிகள், இறக்கை படபடப்பு, ஏதோ சட்டி உடைந்தது. அதற்குள் சிக்னல் போய்விட்டது.